மெஷிகா வரலாறு – 6: பாம்பு மலையும் இரட்டைக் கோயிலும்

மெக்சிகோ நகரின் மையச் சதுக்கமான சோக்காலோவுக்கு வடகிழக்கே, பேராலயத்தை அடுத்து, தெரு மட்டத்துக்குக் கீழே ஓர் அகழாய்வுக் களம் திறந்து கிடக்கிறது. ஒரு படிக்கட்டுக்குப் பின்னால் இன்னொரு படிக்கட்டு, ஒரு சரிவுச் சுவருக்குள் இன்னொரு சரிவுச் சுவர் என்று பல காலத்துக் கட்டடங்கள் அங்கே ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருக்கின்றன. அஸ்டெக்குகள் என்று உலகம் அறிந்த மெஷிகா மக்களின் தலைநகரான டெனோச்டிட்லானின் பெருங்கோயில் இது. அவர்களுடைய நாவாட்ல் மொழியில் இதற்கு வேய் தெயோகால்லி என்று பெயர். பின்னால் வந்த ஸ்பானியர் தெம்ப்ளோ மயோர் என்றனர். இன்று வழங்குவது அந்தப் பெயர்தான்.

பழைய கோயிலை மெஷிகர் இடிப்பதில்லை. அதன்மேல் மண்ணும் கல்லும் நிரப்பி, அதை உள்ளே வைத்தே அதைவிடப் பெரிய கோயிலை எழுப்புவார்கள். ஏறத்தாழ 200 ஆண்டுகளில் இப்படி ஏழு பெருங்கட்டங்கள் நடந்தன. 1521-இல் நகரம் வீழ்ந்தபின் ஸ்பானியர் இடித்தது வெளியே தெரிந்த ஏழாவது கோயிலையே. உள்ளே மூடிக் கிடந்த பழைய கோயில்கள் பெருமளவு தப்பின. மெஷிகா வரலாற்றைக் கட்டம் கட்டமாக இன்று படிக்க முடிவது இந்தக் கட்டுமான வழக்கத்தால்தான்.

ஏரிக்குள் ஒரு தீவு

அஸ்ட்லானிலிருந்து புறப்பட்ட நெடும்பயணம் முந்தைய பகுதிகளில் சொல்லப்பட்டது. அந்தப் பயணத்தின் முடிவில், டெஷ்கோகோ ஏரியின் சதுப்புத் தீவில், சப்பாத்திக்கள்ளியின் மேல் கழுகு அமர்ந்திருந்த இடத்தில் நகரம் நிறுவப்பட்டது என்பது மரபு. அந்த மரபு தரும் ஆண்டு 1325. குடியேறியவர்கள் முதலில் செய்த வேலை தங்கள் தெய்வத்துக்கு இடம் அமைத்ததுதான். நாணலும் மரமும் மண்ணும் கொண்ட எளிய கோயிலாகவே அது தொடங்கியதாகப் பழைய குறிப்புகள் கூறுகின்றன. அந்த முதற்கட்டம் இன்றைய நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே இருப்பதால் இதுவரை தோண்டி எடுக்கப்படவில்லை.

சதுப்பு நிலத்தில் கனமான கட்டடம் எழுப்புவது எளிதன்று. மெஷிகர் சேற்றுக்குள் மரக்கழிகளை நெருக்கமாக அடித்து இறக்கி, அவற்றின்மேல் அடித்தளம் இட்டனர். சுவர்களுக்கும் நிரப்புக்கும் தெசோன்ட்லே என்ற செந்நிற எரிமலைக் கல்லை மிகுதியாகப் பயன்படுத்தினர். அது துளைகள் நிறைந்த, கனம் குறைந்த கல். சுவர்ப்பரப்பைச் சுண்ணாம்புக் காரையால் பூசி, நீலம், சிவப்பு, காவி, வெள்ளை, கறுப்பு வண்ணங்கள் தீட்டினர். தீவில் கல்லோ சுண்ணாம்போ கிடையாது. எல்லாம் ஏரிக்கு வெளியிலிருந்து படகிலும் ஆள் முதுகிலும் வந்து சேர வேண்டும். பாரம் இழுக்கும் விலங்கும் வண்டியும் அவர்களிடம் இல்லை.

இத்தனை முன்னெச்சரிக்கைக்குப் பிறகும் கோயில் தாழ்ந்துகொண்டே இருந்தது. அரசர்கள் அடிக்கடி விரிவாக்கியதற்குப் புகழாசை ஒரு காரணம். தாழ்வதையும் வெள்ளத்தையும் சமாளித்து மேடையை உயர்த்த வேண்டியிருந்தது மற்றொரு காரணம். இன்று களத்தில் தெரியும் படிக்கட்டுகளும் தளங்களும் பல இடங்களில் அலைபோல் வளைந்து கிடப்பது அந்த மண்ணின் வேலை.

ஒரே மேடைமேல் இரண்டு கருவறைகள், அவற்றுக்கு இரண்டு படிக்கட்டுகள் என்ற அமைப்பு மெஷிகர் கண்டுபிடித்ததல்ல. மெக்சிகோ பள்ளத்தாக்கில் அவர்களுக்கு முன்பே இருந்த தெனாயூகாவில் இதே அமைப்பு இருக்கிறது. டெனோச்டிட்லானின் அண்டை நகரும் போட்டி நகருமான ட்லாடெலோல்கோவின் கோயிலும் அப்படியே. வடிவம் பழையதானாலும், அதில் எந்தத் தெய்வங்களை அமர்த்தினார்கள் என்பது மெஷிகர் வாழ்க்கையின் இரண்டு தேவைகளைக் காட்டுகிறது.

இரண்டு தெய்வங்கள், இரண்டு மலைகள்

பெருங்கோயில் மேற்கு நோக்கியது. உச்சியில் தெற்குப் பக்கக் கருவறை உயிட்சிலோபோச்ட்லிக்கு உரியது. வடக்குப் பக்கம் ட்லாலோக்குக்கு உரியது. உயிட்சிலோபோச்ட்லி மெஷிகரின் குலதெய்வம். சூரியனும் போரும் அவன் ஆட்சி. ட்லாலோக் மழைத் தெய்வம். மெஷிகர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த வட்டாரத்து உழவர்கள் அவனை வணங்கிவந்தனர். போரினால் வரும் திறைப்பொருள் ஒரு பக்கம், மழையால் விளையும் சோளம் மறுபக்கம் என்று பேரரசைத் தாங்கிய இரண்டும் ஒரே மேடையில் சமமாக நின்றன. கோயிலின் தலைமைப் பூசாரிகளும் இருவர். ஒருவர் உயிட்சிலோபோச்ட்லிக்கு, மற்றவர் ட்லாலோக்குக்கு. இருவரும் ஒரே நிலையினர்.

மேடையின் இரு பாதிகளும் இரண்டு புராண மலைகளைக் குறித்தன. தெற்குப் பாதி கோவாதெபெக் என்னும் பாம்பு மலை. அந்த மலையில் கோவட்லிக்குவே என்ற தாய்த்தெய்வம் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மேலிருந்து விழுந்த ஓர் இறகுப் பந்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், அதனால் கருவுற்றாள். இது தங்களுக்கு அவமானம் என்று கொதித்தாள் அவள் மகள் கொயோல்ஷாவ்கி. தன் நானூறு சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டு தாயைக் கொல்ல மலையேறினாள். அவர்கள் உச்சியை எட்டிய கணத்தில் உயிட்சிலோபோச்ட்லி முழு ஆயுதங்களோடு பிறந்தான். நெருப்புப் பாம்பு என்னும் ஆயுதத்தால் கொயோல்ஷாவ்கியின் தலையை வெட்டினான். உடல் மலைச்சரிவில் உருண்டு துண்டு துண்டாயிற்று. சகோதரர்கள் சிதறி ஓடினர். சூரியன் நிலவையும் விண்மீன்களையும் விரட்டும் அன்றாட நிகழ்வாக இக்கதையை ஆய்வாளர்கள் பலர் விளக்குகின்றனர்.

வடக்குப் பாதி தோனகாதெபெட்ல் என்னும் உணவு மலை. சோளமும் பிற விதைகளும் நீரும் அதன் வயிற்றில் அடைபட்டிருப்பதாக நம்பிக்கை. மலைகள் நீர் நிறைந்த பானைகள் என்றும், ட்லாலோக்கின் சிறு உதவியாளர்கள் உள்ளிருந்து மழையை ஊற்றுகிறார்கள் என்றும் மெஷிகர் கருதினர். அதனால்தான் இந்தப் பக்கத்துக் காணிக்கைகளில் ட்லாலோக் முகம் பொறித்த நீலக் குடங்கள் திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன.

கட்டம் கட்டமாக

தோண்டப்பட்டவற்றில் மிகப் பழையது இரண்டாம் கட்டம். அதன் கருவறைச் சுவர்கள்வரை எஞ்சியிருக்கின்றன. பெருங்கோயிலின் உச்சி எப்படி இருந்தது என்பதை நேரில் காட்டும் பகுதி அது ஒன்றே. ட்லாலோக் கருவறை வாசலில் ஒரு சாக்மோல் சிலை இருக்கிறது. மல்லாந்த நிலையில் முழங்காலை மடித்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பி, வயிற்றின்மேல் காணிக்கை ஏந்தும் உருவம் அது. 600 ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் சிவப்பும் நீலமும் அழியவில்லை. உயிட்சிலோபோச்ட்லி வாசலில் இருப்பது பலிக்கல்: கருங்கல் ஒன்று, நிமிர்த்தி நட்டது, பலியாளின் முதுகு வளையும் அளவு உயரம் கொண்டது. அங்கே பொறித்துள்ள ‘2 முயல்’ என்ற ஆண்டுக்குறி 1390-ஐக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. அப்போது மெஷிகர் அஸ்காபொட்சால்கோ அரசுக்குத் திறை கட்டிவந்த சிறு குடிகள், கோயிலும் சிறியதே.

1428-இல் அந்த நிலை மாறியது. நான்காம் அரசரான இட்ஸ்கோவாட்ல் டெஷ்கோகோ நகர அரசோடு கூட்டுச் சேர்ந்து அஸ்காபொட்சால்கோவை வீழ்த்தினார். மூன்றாம் கட்டத்தில் காணப்படும் ‘4 நாணல்’ (1431) அந்த வெற்றிக்கு மூன்றாண்டு பிந்தையது. கோயில் பலமடங்கு பெரிதானது. அடுத்த விரிவாக்கத்துக்காக இதை மூடியபோது, ஆளுயரக் கொடி தாங்கிகளின் கற்சிலைகள் எட்டைப் படிக்கட்டின்மேல் சாய்த்துவைத்துவிட்டு மண் நிரப்பினர். அகழ்ந்தவர்கள் அவற்றை அதே நிலையில் கண்டனர்.

நான்காம் கட்டம் முதலாம் மோக்டெசூமாவின் காலம் (1440–1469). 1450 முதல் உறைபனியும் வறட்சியும் தொடர்ந்து பயிரை அழித்தன. ‘1 முயல்’ ஆண்டான 1454-இல் பஞ்சம் உச்சத்தை எட்டியது. மக்கள் சோளத்துக்காகப் பிள்ளைகளை விற்றதாகப் பழைய வரலாறுகள் கூறுகின்றன. ட்லாலோக் பக்கத்தில் கண்டெடுத்த ஒரு கற்பேழைக்குள் 42 குழந்தைகளின் எலும்புகள் இருந்தன. ஊட்டக்குறைவின் தடங்கள் பல எலும்புகளில் தெரிகின்றன. மழை வேண்டி இட்ட இந்தப் பலி அந்தப் பஞ்சகாலத்தது என்பது ஆய்வாளர் கருத்து.

1469-இல் பட்டமேறிய ஆஷாயாகாட்ல் முன்பக்க மேடையை மட்டும் விரிவாக்கினார். வளைந்து நெளியும் பெரிய பாம்புகள், வண்ணம் தீட்டிய பாம்புத் தலைகள், ட்லாலோக் பக்கத்துத் தவளைப் பீடம், கொயோல்ஷாவ்கி வட்டக்கல் எல்லாம் இந்த மேடையைச் சேர்ந்தவை. ஐந்தாம் கட்டம் குறுகிய ஆட்சி நடத்திய டிசோக்கின் காலம். ஆறாம் கட்டத்தை அவருடைய தம்பி அவீட்சோட்ல் 1487-இல் பெருவிழாவோடு திறந்துவைத்தார். ‘8 நாணல்’ என்ற அந்த ஆண்டைப் பொறித்த நினைவுக்கல்லில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்று, காதிலிருந்து தங்கள் குருதியைக் காணிக்கையாக்குகிறார்கள். ஏழாம் கட்டம் இரண்டாம் மோக்டெசூமாவின் காலத்தது. ஸ்பானியர் கண்டது இதைத்தான். ஏறத்தாழ 45 மீட்டர் உயரமும் பக்கத்துக்குச் சுமார் 80 மீட்டர் அடித்தளமும் அதற்கு மதிப்பிடப்படுகின்றன. அதில் இன்று எஞ்சியிருப்பது கல் பாவிய தரையின் சில பகுதிகள்.

படிக்கட்டின் அடியில் கொயோல்ஷாவ்கி

உயிட்சிலோபோச்ட்லி படிக்கட்டின் அடியில், தரையோடு தரையாகப் பதித்த வட்டக்கல்லில் கொயோல்ஷாவ்கியின் உருவம் இருக்கிறது. கல்லின் குறுக்களவு 3 மீட்டருக்கு மேல்; எடை சுமார் 8 டன். தலையும் கைகால்களும் உடலிலிருந்து வெட்டுண்டு தனித்தனியே கிடக்கின்றன. ஆனால் அவை சக்கரம் சுழல்வதுபோல் வட்டத்துக்குள் ஒழுங்காக அமைந்திருக்கின்றன. வெட்டுவாய்களில் எலும்பின் முனைகள் துருத்துகின்றன. கன்னத்தில் அவள் பெயருக்குரிய மணி, இடுப்பில் மண்டையோடு கட்டிய பாம்புக் கச்சை, மூட்டுகளில் கோரைப்பல் முகங்கள், தலையில் இறகுக் கிரீடம். மடிந்த வயிறு, பிள்ளை பெற்றவள் என்று காட்டுகிறது.

இந்தக் கல் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. பலியிட்ட கைதியின் உடலை உச்சியிலிருந்து படி வழியே உருட்டிவிடுவது வழக்கம். அது வந்து விழும் இடம் கொயோல்ஷாவ்கியின் மேல். பாம்பு மலையில் நடந்ததாகச் சொல்லும் கதை ஒவ்வொரு விழாவிலும் அதே இடங்களில், அதே வரிசையில் மறுபடி நடத்தப்பட்டது. படிக்கட்டும் கல்லும் அந்த நிகழ்த்தலுக்காகவே அளந்து வைக்கப்பட்டவை. ஆஷாயாகாட்லின் கல்லுக்கு நேர் கீழே, முந்தைய கட்டத்தில், காரையில் செய்த இன்னொரு கொயோல்ஷாவ்கியும் கிடைத்தாள். கோயில் வளரும்போதெல்லாம் அவளுடைய இடம் மாறாமல் மேலே வந்திருக்கிறது.

வளாகத்துக்குள்

பெருங்கோயில் தனியே நிற்கவில்லை. பக்கத்துக்குச் சில நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு புனித வளாகத்தின் கிழக்குப் பகுதியில் அது இருந்தது. வடக்கே தெப்பேயாக், மேற்கே ட்லாகோபான், தெற்கே இஸ்தபலாப்பா என ஏரியின் குறுக்கே கரைக்குப் போன மேட்டுப்பாதைகள் இந்த வளாகத்திலிருந்தே கிளம்பின. பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்தினோ தெ சஹாகுன் 16-ஆம் நூற்றாண்டில் மெஷிகா முதியவர்களைக் கேட்டுத் தொகுத்த பட்டியலில் வளாகக் கட்டடங்களாக 78 பெயர்கள் உள்ளன. அவற்றில் ஒரு பகுதியை மட்டுமே அகழாய்வு அடையாளம் கண்டிருக்கிறது.

பெருங்கோயிலுக்கு வடக்கே கழுகு மாளிகை. படிக்கட்டின் இருபுறமும் கல்லில் செதுக்கிய கழுகுத் தலைகள். உள்ளறைகளின் சுவரோரம் நீளும் திண்ணைகளில் வீரர்களின் ஊர்வலம் செதுக்கி வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறது. பழைய டோல்டெக் நகரமான தூலாவின் பாணியை வேண்டுமென்றே பின்பற்றியது அது. வாசலில் நின்ற இரண்டு சுடுமண் சிலைகள் ஆளுயரமானவை. கழுகின் அலகுக்குள்ளிருந்து மனித முகம் வெளியே பார்க்கிறது. கைகளில் சிறகு, முழங்காலுக்குக் கீழே நகங்கள். 1994-இல் இதே மாளிகையில் பாதாளத் தெய்வமான மிக்ட்லான்டெகுட்லியின் சுடுமண் உருவங்கள் கிடைத்தன. தோல் உரிந்து, கல்லீரல் நெஞ்சுக்கூட்டுக்கு வெளியே தொங்கும் கோலம் அது.

பெருங்கோயிலின் இருபக்கமும் உள்ள சிறிய ‘செங்கோயில்கள்’ தெயோதிவாக்கான் பாணியில் அமைந்தவை. மெஷிகர் காலத்திலேயே பாழடைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்ட நகரம் அது. தூலாவின் திண்ணையையும் தெயோதிவாக்கானின் சுவரமைப்பையும் தங்கள் வளாகத்துக்குள் கொண்டுவந்ததன் மூலம், நேற்று வந்த இந்த மக்கள் தங்களைப் பழம்பெரும் அரசுகளின் வாரிசுகளாக நிறுவிக்கொண்டனர்.

பெருங்கோயிலுக்கு எதிரே, மேற்கில், காற்றுத் தெய்வம் எஹேகாட்லின் வட்டக் கோயில் நின்றது. காற்று தடையின்றிச் சுற்றிவர வேண்டும் என்பதால் அவன் கோயில்கள் வட்டமானவை என்பது வழக்கமான விளக்கம். அதை அடுத்துப் பந்தாட்டக் களம். ரப்பர் பந்தை இடுப்பால் அடித்து ஆடும் சடங்காட்டம் அங்கே நடந்தது. களத்தின் படிக்கட்டருகே சுமார் 30 பேரின் கழுத்தெலும்புகள் காணிக்கையாகப் புதைக்கப்பட்டிருந்தன. இவ்விரண்டின் பகுதிகளும் பேராலயத்துக்குப் பின்னால் ஒரு விடுதி இருந்த மனையில் வெளிப்பட்டன. 2017-இல் அது அறிவிக்கப்பட்டது. பிரபுக்களின் பிள்ளைகள் படித்த கால்மெகாக் என்னும் பள்ளியும் வளாகத்துக்குள்ளேயே இருந்தது. நள்ளிரவில் எழுந்து நீராடுவதும், கற்றாழை முள்ளால் குத்திக் குருதி காணிக்கை தருவதும், ஓவிய நூல்களைப் படிக்கப் பழகுவதும் அங்கே பாடங்கள்.

ஆண்டு முழுவதும் விழா

மெஷிகா ஆண்டு 20 நாள் கொண்ட 18 மாதங்களும் மிச்சம் ஐந்து நாட்களும் சேர்ந்தது. மாதத்துக்கு ஒரு பெருவிழா. பான்கெட்சாலிஸ்ட்லி மாதம் உயிட்சிலோபோச்ட்லியின் பிறப்பைக் கொண்டாடியது. தண்டுக்கீரை விதையின் மாவைக் கற்றாழைத் தேனோடு பிசைந்து தெய்வத்தின் உருவம் செய்வார்கள். காகிதத்தாலும் இறகாலும் செய்த நெருப்புப் பாம்பை உச்சியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து அடியில் எரிப்பார்கள். கைதிகளின் பலி இதை ஒட்டி நடக்கும். விழா முடிவில் மாவுருவத்தைப் பிட்டுப் பங்கிட்டு உண்பார்கள்.

ட்லாகாஷிபெவாலிஸ்ட்லி மாதம் ஷிபே தோதெக் என்னும் வசந்தத் தெய்வத்துக்கு உரியது. ஒரு வட்டக்கல்லில் கயிற்றால் கட்டிய கைதி, இறகு பதித்த கட்டையை வைத்துக்கொண்டு, எரிமலைக் கண்ணாடி முனை கொண்ட ஆயுதம் ஏந்திய வீரர்களோடு மோத வேண்டும். தோற்பது உறுதி. பலியானவரின் தோலை உரித்துப் பூசாரிகள் உடுத்துவார்கள். மண் புதுத்தோல் போர்த்துப் பசுமையாவதற்கு அது குறியீடு. இந்த விழா, சூரியன் உயிட்சிலோபோச்ட்லி கோயிலின் நடுவே உதிக்கும் சமபகலிரவு நாளில் வந்தது என்று துறவி மோதோலினியா எழுதினார். கட்டடம் சற்றே கோணலாக இருந்ததால் மோக்டெசூமா அதை இடித்துச் சரிசெய்ய விரும்பினார் என்றும் அவர் குறிப்பிடுகிறார். கட்டடத்தின் நோக்கு நேர் திசையிலிருந்து சுமார் 7 பாகை விலகியிருப்பதை அளவீடுகள் காட்டுகின்றன. உயரமான இரட்டைக் கருவறைகளுக்கு மேலே சூரியன் ஏறும்போது அது தெற்கே சாய்ந்துவிடும். அதற்கேற்பவே இந்த விலகல் என்று விளக்கம் தரப்படுகிறது.

மண்ணுக்குள் ஒரு கடல்

1978 முதல் இங்கே 200-க்கும் மேற்பட்ட காணிக்கைக் குவியல்கள் வெளிவந்துள்ளன. கற்பேழைகளிலும் தரைக்கடியிலும் படிக்கட்டின் உள்நிரப்பிலும் அவை வைக்கப்பட்டிருந்தன. தலைநகரிலிருந்து பசிபிக் கரைக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் பல நாள் நடை. அப்படியிருந்தும் சங்கு, சிப்பி, பவளம், வேளா மீனின் ரம்பக் கொம்பு, முதலை என்று கடலும் ஆறும் தருபவை குவிந்திருக்கின்றன. திறை நாடுகளான குவெர்ரேரோ பகுதியின் பச்சைக்கல் முகமூடிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றோடு ஓர் ஓல்மெக் முகமூடியும் இருந்தது. மெஷிகர் அதைக் கையில் எடுத்தபோதே அதற்கு வயது 2,000 ஆண்டுக்கு மேல்.

பேழைகளை அடுக்குவதில் ஒரு முறை உண்டு. அடியில் கடல்மணல், அதன்மேல் சங்கும் பவளமும், அடுத்து மீன்களும் ஊர்வனவும், பிறகு நிலத்து விலங்குகள், பறவைகள், எல்லாவற்றுக்கும் மேலே தெய்வ உருவங்கள். கீழிருந்து மேலாக உலகத்தின் அடுக்குகளே பேழைக்குள் அமைந்தன.

பெருங்கோயிலின் அடிவாரத்தில் உள்ள வட்ட மேடையில் அவீட்சோட்ல் காலத்தில் வைத்த ஒரு காணிக்கை இதற்குச் சான்று. அதில் ஒரு பெண் சிறுத்தை இருந்தது; ஹாகுவார் என்னும் அமெரிக்கச் சிறுத்தை. அதனோடு 164 நட்சத்திர மீன்கள். அவை பசிபிக் கரையில் வாழும் இனம். மற்றவை நொறுங்கிச் சிறு துணுக்குகளாகிவிட்ட நிலையில், ஒரு நட்சத்திர மீனின் உள்ளமைப்பு மட்டும் அச்சாகப் பதிந்து கிடைத்தது. முதலில் வைத்த மீன்களில் அது ஒன்று. சிறுத்தையின் எடை அதை அடியில் இருந்த நாருக்குள் அழுத்திவிட்டது. மீன்களுக்குப் பிறகே சிறுத்தை வைக்கப்பட்டது என்ற வரிசை அதனால் உறுதியாயிற்று.

மண்டையோட்டுச் சுவர்

நரபலி இந்த வளாகத்தின் அன்றாட நடைமுறைகளில் ஒன்று. எத்தனை பேர் என்பதில்தான் சிக்கல். 1487 திறப்பு விழாவில் 80,400 பேர் பலியிடப்பட்டதாக டொமினிக்கன் துறவி தியேகோ துரான் எழுதினார். நான்கு நாள் விழாவில் அந்த எண்ணிக்கை நடைமுறைக்கு ஒவ்வாது என்பது இன்றைய ஆய்வாளரின் பொதுக்கருத்து. சொம்பான்ட்லி என்னும் மண்டையோட்டு மேடையைக் கண்ட ஸ்பானிய வீரர் ஆந்திரேஸ் தெ தாபியா, அதில் 1,36,000 மண்டையோடுகள் இருந்ததாகக் கணக்கிட்டார். படையெடுப்பை நியாயப்படுத்தச் சொன்ன மிகை என்று அந்தச் சாட்சியத்தையே பலர் ஒதுக்கிவைத்திருந்தனர்.

2015-இல் பேராலயத்துக்குப் பின்னால் உள்ள குவாதமாலா தெருவில் ஒரு பழைய வீட்டுக்கடியில் ராவுல் பாரேரா தலைமையிலான குழு அந்த மேடையைக் கண்டுபிடித்தது. அதன் நீளம் சுமார் 35 மீட்டர். மரக்கம்பங்கள் நட்ட குழிகள் தரையில் வரிசையாகத் தெரிந்தன. ஓரத்தில் சுண்ணாம்பால் இணைத்த மண்டையோடுகளாலேயே கட்டிய வட்டக் கோபுரம் ஒன்று இருந்தது. குறுக்களவு 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தாபியா தன் சாட்சியத்தில் சொல்லியிருந்த மண்டையோட்டுக் கோபுரம் உண்மையென்று அதனால் உறுதியாயிற்று; அவர் சொன்ன எண்ணிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2020 முடிவில் கோபுரத்தில் எண்ணப்பட்டவை 600-க்குச் சற்று மேல். பெரும்பாலோர் போரிடும் வயது ஆண்கள். ஆனால் பெண்களும் குழந்தைகளும் கணிசமாக இருந்தனர். பலியானோர் எல்லாரும் போர்க்களத்துக் கைதிகள் என்ற பழைய கருத்தை இது திருத்தியது.

வீழ்ச்சியும் புதையலும்

1519 நவம்பர் 8 அன்று ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்ட்டேஸ் நகருக்குள் வந்தார். அடுத்த ஆண்டு மே மாதம், அவர் கடற்கரைக்குப் போயிருந்த வேளையில், அவருடைய துணைத்தலைவர் பேத்ரோ தெ அல்வராதோ டோஷ்காட்ல் விழாவில் ஆடிக்கொண்டிருந்த ஆயுதமற்ற பிரபுக்களை இந்த வளாகத்துக்குள்ளேயே வாயில்களை அடைத்துக் கொன்று குவித்தார். அதிலிருந்து மூண்ட கிளர்ச்சி ஸ்பானியரை நகரைவிட்டுத் துரத்தியது. பெரியம்மையும் முற்றுகையும் பசியும் நகரத்தைத் தின்ற பிறகு, 1521 ஆகஸ்ட் 13 அன்று கடைசி அரசர் குவாவுடேமோக் பிடிபட்டார்.

புதிய நகரத்தை அதே தீவில் எழுப்ப கோர்ட்டேஸ் முடிவு செய்தார். வளாகத்தின் கற்கள் தேவாலயத்துக்கும் வெற்றியாளர் வீடுகளுக்கும் போயின. இறகுப் பாம்பும் நிலத் தெய்வமும் செதுக்கிய கற்களைத் தலைகீழாகப் புரட்டித் தூண்பீடமாக்கினர். சில தலைமுறைகளில் பெருங்கோயில் எங்கே இருந்தது என்பதே மறந்துபோயிற்று. பேராலயத்துக்கு நேர் கீழே இருப்பதாகவே பலர் நம்பினர்.

1790-இல் சதுக்கத்தைச் சமப்படுத்தும் வேலையில், ஆகஸ்ட் 13 அன்று கோவட்லிக்குவே சிலையும், டிசம்பர் 17 அன்று சூரியக் கல்லும் வெளிவந்தன. அந்தோனியோ தெ லியோன் இ காமா 1792-இல் இரண்டையும் விளக்கி நூல் வெளியிட்டார். சூரியக் கல்லைப் பேராலயக் கோபுரச் சுவரில் பொருத்தினர். கோவட்லிக்குவேயைப் பல்கலைக்கழக முற்றத்தில் மறுபடி புதைத்தனர்; மக்கள் அதை வணங்கத் தொடங்கியது அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. 1900-இல் கழிவுநீர்க் குழாய் பதிக்கும்போது லியோபோல்தோ பாத்ரேஸ் பல காணிக்கைகளைக் கண்டார். ஆனால் கோயில் அதுதான் என்று உணரவில்லை. 1914-இல் மனுவேல் காமியோ தென்மேற்கு மூலையைத் தோண்டி, கோயிலின் இடத்தைச் சரியாகச் சொன்னார். மேலே வீடுகள் நிறைந்திருந்ததால் வேலை அதோடு நின்றது.

1978 பிப்ரவரி 21 அதிகாலையில், குவாதமாலா தெருவும் அர்ஹென்தினா தெருவும் சந்திக்கும் மூலையில் பள்ளம் தோண்டிய மின்வாரியத் தொழிலாளர்களின் கருவி செதுக்கிய கல் ஒன்றில் பட்டது. அது கொயோல்ஷாவ்கி. அந்த ஆண்டே எடுவர்தோ மாத்தோஸ் மோக்டெசூமா தலைமையில் பேரகழாய்வு தொடங்கியது. அதற்காக 13 கட்டடங்கள் இடிக்கப்பட்டன. கண்டெடுத்தவற்றுக்காகக் களத்தின் ஓரத்தில் கட்டிய அருங்காட்சியகம் 1987-இல் திறந்தது. அதன் உள்ளமைப்பும் கோயிலையே பின்பற்றுகிறது: தெற்குப் பாதி உயிட்சிலோபோச்ட்லிக்கு, வடக்குப் பாதி ட்லாலோக்குக்கு. நகரின் வரலாற்று மையமும் அதே ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

2006 அக்டோபர் 2 அன்று படிக்கட்டுக்கு மேற்கே நிலத் தெய்வம் ட்லால்டெகுட்லியின் கல் கிடைத்தது. எடை 12 டன்; இதுவரை கிடைத்த மெஷிகா சிற்பங்களில் மிகப்பெரியவற்றுள் ஒன்று. அதன் நகத்தில் பற்றியிருக்கும் ஆண்டுக்குறி ‘10 முயல்’, அதாவது 1502. அவீட்சோட்ல் இறந்த ஆண்டு. கல்லுக்கு அடியில் 12,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் கொண்ட ஒரு காணிக்கை இருந்தது. அரசர்களின் சாம்பலைப் பெருங்கோயிலின் அடிவாரத்தில் புதைத்ததாகப் பழைய வரலாறுகள் கூறுவதால், லியோனார்தோ லோபெஸ் லுஹான் தலைமையிலான குழு அதைத் தேடி அங்கே தொடர்ந்து தோண்டிவருகிறது. மெஷிகா அரசர் எவருடைய கல்லறையும் இன்றுவரை கிடைத்ததில்லை.

வளாகத்தின் பெரும்பகுதி இன்னும் பேராலயத்துக்கும் காலனிய மாளிகைகளுக்கும் கீழேதான் இருக்கிறது. அவையும் பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னங்கள் என்பதால் அவற்றை அகற்ற இயலாது. ஒரு வீட்டைப் பழுதுபார்க்கும்போதோ குழாய் பதிக்கும்போதோ கிடைக்கும் சிறு பள்ளங்கள் வழியாகவே ஆய்வு முன்னேறுகிறது. ஏரி வற்றி, நிலத்தடி நீர் உறிஞ்சப்படுவதால் நகரம் தொடர்ந்து தாழ்கிறது. கோயிலின் எடையால் முன்பே இறுகிப்போன மண் குறைவாகவும், சுற்றியுள்ள மண் கூடுதலாகவும் இறங்குவதால் பேராலயத்தின் தரையே சாய்ந்திருக்கிறது. 2021 ஏப்ரலில் பெருமழையும் ஆலங்கட்டியும் கழுகு மாளிகையின் பாதுகாப்புக் கூரையைச் சரித்தன. இன்று அகழாய்வு, கற்களை உறுதிப்படுத்தல், நீர்மட்டத்தைக் கண்காணித்தல் ஆகிய மூன்று வேலைகளும் அந்தக் களத்தில் சேர்ந்தே நடக்கின்றன.